சமூக ஊடகப் பதிவுகளில் கங்கைகொண்ட சோழபுரம்

ஜெயங்கொண்டத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம், முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஓயாது பேசப்படும் சோழர் ஊர்களில் ஒன்று. முதலாம் இராசேந்திரன் (ஆட்சி 1014–1044) கட்டிய இங்குள்ள சிவன் கோயில் 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படங்கள் சோழர் பற்றிய பதிவுகளைப் பெருக்கின. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2025 ஜூலையில் நடந்த ஆடித் திருவாதிரை விழா, பிரதமர் பங்கேற்ற ஜூலை 27 நிறைவு நாளுடன், அவற்றை மேலும் பெருக்கியது. பாடநூலைவிட இப்பதிவுகளின் வழியாகவே சோழரை அறியும் மாணவர் பலர். ஆகவே இவற்றையும் ஒரு வகை எழுத்தாகக் கொண்டு மதிப்பிடுவது தேவையாகிறது.

பதிவின் அமைப்பு

இப்பதிவுகளுக்கு ஏறக்குறைய ஒரே வார்ப்பு உண்டு. முதல் வரி வியப்பூட்டும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்துவது அதன் வேலை. அடுத்து உயரம், எடை, ஆண்டு என்று சில எண்கள் வரும். ஒரு படம் இருக்கும். தமிழராய்ப் பிறந்தவர் பகிர வேண்டும் என்ற வேண்டுகோளோடு முடியும். எழுதியவர் பெயர் இரண்டாவது கை மாறும்போதும், எழுதிய நாள் மூன்றாவது கை மாறும்போதும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது யாருக்கும் பொறுப்பில்லாத ஒரு செய்தி.

இதன் விளைவைக் காட்டச் சண்டேசர் சிற்பம் ஒன்றே போதும். கோயிலின் வடக்கு வாயிலை ஒட்டிய மாடத்தில் சிவன் உமையோடு அமர்ந்திருக்க, காலடியில் கைகூப்பி இருக்கும் ஒருவரின் தலையில் இறைவன் பூமாலையைச் சுற்றுகிறார். ‘இராசேந்திரனுக்குச் சிவபெருமானே முடிசூட்டும் காட்சி’ என்ற விளக்கத்தோடு இந்தப் படம் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. சிற்பம் காட்டுவது சண்டேசுவர நாயனாரை. மணலால் இலிங்கம் அமைத்துப் பாலால் நீராட்டிய சிறுவன், அந்தப் பாற்குடத்தைக் காலால் உதைத்த தந்தையின் காலை வெட்டினான். இறைவன் தோன்றி, இனி உனக்கு நாமே தந்தை என்று அருளி மாலை சூட்டினார் என்பது பெரியபுராணக் கதை. மாடத்தின் பக்கச் சுவர்களில் இக்கதையின் காட்சிகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பதிவுகளில் வரும் படமோ நடுச் சிற்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு பக்கச் சுவர்களை வெட்டிவிடுகிறது. கதையைச் சொல்லும் கல் படத்துக்கு வெளியே போய்விட்டபின் எந்த விளக்கத்தையும் அதன்மேல் ஏற்றலாம்.

இந்த விளக்கம் வானத்திலிருந்து குதித்ததும் அன்று. கங்கை வரை சென்று மீண்ட மன்னன் தன் வெற்றியை இறைவன் தந்த அருளாகக் கருதியதை இச்சிற்பம் குறிப்பால் உணர்த்தலாம் என்று கலை வரலாற்றாளர் சிலர் கருதினர். அது ஓர் ஊகம், அழகான ஊகமும்கூட. பதிவு செய்தது ‘லாம்’ விகுதியை நீக்கியது மட்டுமே. நீக்கியபின் எழும் கேள்வியைப் பதிவர்கள் கேட்பதில்லை: தந்தையின் காலை வெட்டிய மகனின் உருவில் இராசேந்திரன் தன்னை வைத்துக்கொண்டான் என்றால், அந்தக் கதையில் இராசராசனுக்கு என்ன இடம்?

தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது, கங்கைகொண்ட சோழபுரக் கருவறையைச் சந்திரகாந்தக் கல் கோடையில் குளிர வைக்கிறது என்பன போன்றவற்றைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சையில் மாலை நான்கு மணிக்கு நின்றால் நிழலைப் பார்க்கலாம். தடித்த கற்சுவருக்குள் வெயில் எளிதில் இறங்காது.

நகரத்தின் அழிவு பற்றிய பதிவுகள் வேறு வகையானவை. ஒரு சாரார் பாண்டியரே நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர் என்பர். மறு சாரார் ஆங்கிலேயரை மட்டும் குற்றஞ்சாட்டுவர். பதிவுக்கு ஒரே ஒரு வில்லன்தான் தேவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எழுச்சியோடு சோழர் ஆட்சி முடிந்து தலைநகர் தன் நிலையை இழந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் மதிலும் கோபுரமும் கல்லுக்காகப் பெயர்க்கப்பட்டன. இடையில் கிடக்கும் ஐந்நூறு ஆண்டுகளைப் பற்றி எந்தப் பதிவும் வாய் திறப்பதில்லை. மாளிகைமேட்டு மண்ணில் கிடைத்த சோழர் காலச் செங்கல்லை ஊர்க்காரர்களே எடுத்து வீடு கட்டிய காலமும் உண்டு. அதில் வில்லன் இல்லாததால் அது பரவவில்லை போலும்.

மெய்க்கீர்த்தியும் பதிவும்

தற்புகழ்ச்சி இன்று தோன்றியது அன்று என்று சொல்லி இப்பதிவுகளுக்குப் பரிந்து பேசுவோர், மெய்க்கீர்த்தியைச் சான்று காட்டுவர். ஒப்பீடு ஓரளவு சரியே. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் வென்ற ஊர்களை அடுக்குகிறது, தோல்வியைச் சொல்வதில்லை. ஆனால் மெய்க்கீர்த்தி கல்வெட்டின் முகப்பு மட்டுமே. அதைத் தொடர்ந்து ஆட்சியாண்டும், நாட்டின் பெயரும், ஊரும், நிலத்தின் எல்லையும், கொடுத்தவர் யார் பெற்றவர் யார் என்பதும், கையெழுத்திட்டோர் பெயர்களும் வரும். புகழை ஒதுக்கிவிட்டாலும் ஆவணம் நிற்கும். இன்றைய பதிவு மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொண்டு, பின்னால் வருவதை விட்டுவிட்டது.

கங்கைகொண்ட சோழபுரம் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று. இக்கோயிலில் முதன்மையாகப் பேசப்படும் நீண்ட கல்வெட்டு இராசேந்திரனுடையது அன்று. அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது. கங்கை வெற்றியையும் சோழகங்கம் ஏரி வெட்டப்பட்டதையும் விரிவாகச் சொல்வது திருவாலங்காட்டுச் செப்பேடு. கோயிலின் எந்த எழுத்தைப் படம் பிடித்தாலும் ‘இராசேந்திரனின் கல்வெட்டு’ என்று தலைப்பிடும் பதிவுகள், படித்துப் பார்க்காமல் எழுதப்பட்டவை என்பதைத் தாமே ஒப்புக்கொள்கின்றன.

இவற்றையெல்லாம் சிறு பிழைகள் என்று விட்டுவிட இயலாது. சோழரைத் தம் சாதி முன்னோராக உரிமை கோருவோர் பலர். மன்னன் பெயரோடு சாதிப் பெயரை ஒட்டிய படங்கள் இளைஞர் குழுக்களில் பரவுகின்றன. மறுப்பு எழுதினால் வசை வருகிறது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருப்பனந்தாளில் 2019 ஜூனில் இயக்குநர் பா. இரஞ்சித் இராசராசன் கால நிலவுடைமை பற்றிப் பேசியது சமூக ஊடகங்களில் பெரும் சண்டையாகி, அவர்மேல் வழக்கும் பதிவானது. அவர் கருத்து சரியா என்பது கல்வெட்டுகளைக் கொண்டு பேசத்தக்க கேள்வி. ஆனால் வாதிட்ட பலர் எந்தக் கல்வெட்டையும் சுட்டவில்லை. ஆதரித்தோரும் அதற்கு விலக்கல்லர்.

பயன்பட்ட பதிவுகள்

இராசேந்திரன் மார்கழித் திருவாதிரையில் பிறந்தவன் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆடித் திருவாதிரையே அவன் பிறந்தநாள் என்பதைத் திருவாரூர்க் கல்வெட்டு காட்டியது. ஆய்வேட்டுக்குள் கிடந்திருக்கக்கூடிய இந்தத் திருத்தத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததில் பதிவுகளுக்குப் பங்குண்டு. இன்று ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பள்ளி மாணவருக்கும் ஆடி மாதம் என்று தெரியும்.

இதைவிடப் பெரிய சான்று ஸ்ரீபுரந்தான். அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக்கரைச் சிற்றூரான அங்குள்ள பழைய சிவன் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் செப்புத்திருமேனி, கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் ஐம்பது இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்களையும் கலைக்கூடத்தின் படத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றே என்று ஆர்வலர்கள் இணையத்தில் எழுதினர். சிங்கப்பூரில் வாழும் தமிழர் எஸ். விஜயகுமார் அவர்களில் ஒருவர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அச்சிலையை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

அந்தப் பதிவுகளில் வியப்பூட்டும் முதல் வரியோ, பகிரச் சொல்லும் கடைசி வரியோ முக்கியமாக இல்லை. இந்தப் படம் எந்தக் கோயிலில் எடுக்கப்பட்டது, யாருடைய தொகுப்பில் உள்ளது, வார்ப்பின் எந்தக் குறை இரு படங்களிலும் ஒரே இடத்தில் தெரிகிறது என்பவையே பேசப்பட்டன. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுவோரில் பெரும்பாலோர், ஸ்ரீபுரந்தானைக் குறிப்பிடுவதே இல்லை. அங்கே காட்ட உயர்ந்த விமானம் எதுவும் இல்லை.