எவர்சில்வரில் காந்தம் ஒட்டாதே, அப்புறம் எப்படி?

காந்தத்தை வைத்து எவர்சில்வரை மெருகேற்றலாம் என்று சொன்னால் எங்க அம்பாசமுத்திரம் பாத்திரக்கடைகளில் சிரிப்பார்கள். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பதுதான் கடைவீதிச் சோதனை. அந்தச் சிரிப்புக்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. நம் இன்ஜினியரிங் பாடங்கள் அதைத் தொடாமலே போய்விடுகின்றன என்பதுதான் என் விமர்சனம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில், மரபுசாரா இயந்திரமுறைகள் என்ற பாடத்தில் இந்த முறை வருகிறது. வழக்கமான படம் இதுதான்: வட துருவம், தென் துருவம், நடுவே சுழலும் உருளை. இடைவெளியில் இரும்புத்தூளும் அலுமினாவோ சிலிக்கான் கார்பைடோ கலந்திருக்கும். இரும்புத்தூள் காந்தக் கோடுகள் வழியே சங்கிலியாகக் கோத்து பிரஷ் மாதிரி நிற்கும். அதில் சிக்கிய உராய்துகள் மேடுகளைச் சீவும். அழுத்தம் காந்தப்பாய்வு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது அடர்த்தி பாதியானால் அழுத்தம் கால்வாசிதான்.

படத்தில் அந்த உருளை என்ன உலோகம்? இங்கேதான் சிக்கல். இரும்பு என்றால் அதுவே காந்தக் கோடுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம் அப்படி இழுக்காது. தகட்டின் மேலே மட்டும் காந்தம் வைத்தால் கோடுகள் பக்கவாட்டில் சிதறி, பிரஷ் தொளதொளவென்று ஆகிவிடும். தகட்டுக்குக் கீழே இன்னொரு காந்தம் வேண்டும். அப்போது தகட்டின் கனமும் இடைவெளிக் கணக்கில் சேரும்.

இன்னொன்றும் இருக்கு. வீட்டில் ஒரு காந்தத்தை எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில், வளைவில் வைத்துப் பாருங்க. சில இடங்களில் லேசாகப் பிடிக்கும். அழுத்தி இழுக்கும்போது உலோகத்தின் ஒரு பகுதி மார்ட்டன்சைட் என்ற காந்தத்தன்மையுள்ள அமைப்பாக மாறுவதுதான் காரணம். ஒரே பாத்திரத்தில் இடத்துக்கு இடம் பிரஷ்ஷின் பிடி மாறும். தட்டையான தகட்டில் செய்த சோதனையை அப்படியே பாத்திரத்துக்குப் பொருத்த முடியாது.

அடுத்த குறை, சதவீதக் கணக்கு. "சொரசொரப்பு 75 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் கேட்க நல்லாத்தான் இருக்கும். 4 மைக்ரான் 1 ஆனாலும் 75 சதவீதம், 0.4 மைக்ரான் 0.1 ஆனாலும் 75 சதவீதம். முதலாவது மங்கலாகவே இருக்கும், இரண்டாவது கண்ணாடியை நெருங்கும். தொடக்க அளவும் எடுத்த நேரமும் சொல்லாத சதவீதத்தால் பட்டறைக்காரருக்குப் பயன் இல்லை.

இந்த முறையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஷின்முராவும் யமகுச்சியும் 304 குழாய்களின் உட்புறத்தை மெருகேற்றினார்கள். காந்தம் வெளியே, தூள் உள்ளே. குழாய்ச்சுவர் காந்தத்தை மறிக்காததால்தான் அது நடக்கிறது. கடைவீதியில் குறையாகத் தெரிந்த அதே குணம் இங்கே வரமாகிறது. கையோ பஃப் சக்கரமோ நுழைய முடியாத நீண்ட குழாய்தான் இதற்குச் சரியான இடம்.

அனுப்பர்பாளையம் மாதிரி ஊர்களில் பஃப் சக்கரத்தின் முன் தூசியைச் சுவாசித்தபடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாற்று வழி நிச்சயம் தேவை. அது காந்தமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு மாணவர்கள் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் வரைந்தால் போதாது. வரைந்த உருளை என்ன ரகம், என்ன கனம், எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.