மனித-மாதக் கணக்கும் பிழை தேடும் கலையும்

பத்து ஆட்கள் பத்து நாட்களில் ஒரு கிணற்றை வெட்டினால், நூறு ஆட்கள் அதை எத்தனை நாட்களில் வெட்டுவார்கள்? பள்ளி மாணவன் 'ஒரே நாளில்' என்று விடை எழுதுவான். ஆசிரியரும் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் கிணறு வெட்டிப் பழகியவரைக் கேட்டுப் பாருங்கள். "நூறு பேர் இறங்கக் கிணற்றில் இடம் ஏது?" என்று சிரிப்பார்.

கணிப்பொறிக்குப் புரோகிராம், அதாவது ஆணைத்தொடர், எழுதும் வேலையிலும் இந்தக் கிணற்றுக் கணக்குப் பொய்த்துப் போகிறது. அதை விளக்கிச் சொன்ன புகழ்பெற்ற நூல் 'தி மித்திக்கல் மேன்-மன்த்'. 'மனித-மாதம் என்னும் மாயை' என்று நாம் தமிழில் சொல்லலாம். 1975 இல் வெளிவந்த இந்நூல், 1995 இல் நான்கு புதிய அத்தியாயங்களுடன் மறுபதிப்பாயிற்று. கணிப்பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படும் நூல் இது. இதன் சிறப்பை முதலில் பார்ப்போம். பிறகு, இது போதிய அளவு சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அந்தக் குறை சிறியதன்று என்பது என் கருத்து.

நூல் பிறந்த கதை

நூலாசிரியர் பிரெடரிக் புரூக்ஸ் (1931-2022) அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் துறையைத் தொடங்கினார். 1999 இல் டூரிங் விருது பெற்றார்.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். 'சிஸ்டம்/360' என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்பு ஒரு மாதிரிக் கணிப்பொறிக்கு எழுதிய ஆணைத்தொடர் பெரும்பாலும் இன்னொரு மாதிரியில் ஓடாது. 360 குடும்பத்தில் சிறியதும் பெரியதும் ஒரே ஆணைமொழியைப் புரிந்துகொண்டன. இவற்றை ஆட்டி வைக்க 'ஓ.எஸ்./360' என்னும் இயக்க அமைப்பு வேண்டியிருந்தது. அதை உருவாக்கும் பொறுப்பு புரூக்ஸிடம் வந்தது.

வேலை கைக்கு அடங்கவில்லை. 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5000 மனித-ஆண்டு உழைப்பு அதில் செலவாயிற்று என்று புரூக்ஸ் கணக்கிடுகிறார். உச்சக் கட்டத்தில் 1000 பேருக்கு மேல் வேலை செய்தனர். இருந்தும் அது காலந்தாழ்ந்தே வந்தது, பிழைகளோடும் வந்தது. தார்க்குழியில் சிக்கிய பழங்காலப் பெருவிலங்குகள் திமிறத் திமிற ஆழ அமிழ்ந்ததைப் போன்றது பெரிய ஆணைத்தொடர் வேலை என்ற உவமையோடு அவர் நூலைத் தொடங்குகிறார்.

அவருடைய விளக்கம் எளிமையானது. ஒருவரோடொருவர் கலந்து பேசிச் செய்யவேண்டிய வேலையில், ஆட்கள் கூடக்கூடப் பேச்சும் கூடுகிறது. 10 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 45. 50 பேர் இருந்தால் அவை 1225. புதிதாக வருபவருக்கு வேலையைக் கற்பிக்கவேண்டும். கற்பிப்பவரோ ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர். ஆகவே, தாமதமான வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும். 'புரூக்ஸ் விதி' என்று பெயர் பெற்றுவிட்ட கருத்து இதுதான்.

இன்னொரு கணக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளத் தக்கது. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுவதற்கு. ஆறில் ஒரு பங்கே எழுதுவதற்கு. மீதிப் பாதியும் சோதித்துப் பார்ப்பதற்கு. எழுதுவதைப் போல மூன்று மடங்கு காலம் சோதனைக்கு! இவ்வளவு வெளிப்படையாகத் தம் அனுபவத்தைச் சொன்ன மேலாளர்கள் குறைவு.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. அந்தப் பாதிக் காலத்தில் மனிதன் என்னதான் செய்கிறான்? பிழை இருப்பது தெரிந்தபின், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறான்?

காகிதக் கட்டில் ஒரு துப்பறியும் கதை

பேரளவுக் கணிப்பொறிகளைப் பேணிக் காத்தவர்களுக்குச் 'சிஸ்டம் புரோகிராமர்' என்று பெயர். ஆணைத்தொடர் ஒன்று இடையில் விழுந்துவிட்டால், அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை எல்லாம் கணிப்பொறி காகிதத்தில் அச்சிட்டுத் தரும். அதை 'டம்ப்' என்பார்கள். பக்கம் பக்கமாக எண்கள். எல்லாம் பதினாறை அடிமானமாகக் கொண்டவை. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் எறும்பு வரிசை. தெரிந்தவருக்கு அது சாட்சி சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சரக்குக் கணக்குப் போடும் ஆணைத்தொடர் '0சி7' என்ற குறியோடு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தசம எண்ணாக இருக்கவேண்டிய இடத்தில் எண் அல்லாத ஒன்று இருக்கிறது என்பது அக்குறியின் பொருள். டம்பின் தொடக்கத்தில், அடுத்து நிறைவேற்றவேண்டிய ஆணையின் முகவரி அச்சாகியிருக்கும். அது 52346 என்க. ஆணைத்தொடர் நினைவகத்தில் ஏற்றப்பட்ட இடம் 52000. கழித்தால் 346. இது அடுத்த ஆணை. விழுந்தது அதற்கு முந்தியது. விழுந்த ஆணையின் நீளம் 6 பைட் என்றும் அங்கேயே குறிப்பு இருக்கும். மீண்டும் கழித்தால் 340. ஆணைத்தொடரின் அச்சுப் படியில் 340 என்ற இடத்தைப் பார்த்தால், இரண்டு தசம எண்களைக் கூட்டும் ஆணை இருக்கிறது.

இனி, கூட்டப்பட்ட எண்ணைப் பார்க்கவேண்டும். இந்தக் கணிப்பொறிகளில் 125 என்ற தசம எண்ணை அடுக்கி வைத்தால், 1, 2, 5 என்ற இலக்கங்களுக்குப் பின் கூட்டல், கழித்தலைக் காட்டும் குறி ஒன்று கடைசியில் நிற்கும். அந்தக் குறியின் மதிப்பு 10 முதல் 15 வரை இருக்கவேண்டும். நம் டம்பிலோ 0004 என்று இருக்கிறது. கடைசியில் நிற்கும் 4 குறியாகவே முடியாது. அந்த 4 எங்கிருந்து வந்தது? அனுபவம் உள்ளவர் உடனே சொல்லிவிடுவார். இக்கணிப்பொறிகளின் எழுத்துக் குறியீட்டில் வெற்றிடத்தின் மதிப்பு 40. மூன்று வெற்றிடங்களைத் தசம எண் என்று எண்ணி அடுக்கினால் கிடைப்பது 0004 தான். ஆக, துளை அட்டையில் அளவைக் குறிக்கவேண்டிய மூன்று கட்டங்களையும் யாரோ வெற்றாக விட்டுவிட்டார்!

கவனியுங்கள்: விழுந்த இடம் கூட்டல் ஆணை; பிழையோ அட்டையில் இருக்கிறது. வெற்றுக் கட்டம் வரக்கூடும் என்று சோதிக்காமல் விட்ட வேறொரு வரியிலும் இருக்கிறது. விழுந்த இடம் வேறு, பிழை பிறந்த இடம் வேறு என்பதே இக்கலையின் முதற்பாடம்.

இயக்க அமைப்பே விழும்போது கதை இன்னும் கடினம். ஒரு ஆணைத்தொடர் தன் எல்லையைத் தாண்டி மற்றொன்றின் அட்டவணையில் எழுதிவிடும். நெடுநேரம் கழித்து, குற்றமற்ற மூன்றாவது ஒன்று அந்த அட்டவணையைப் படிக்கப்போய் விழும். அப்போது சிஸ்டம் புரோகிராமர், அட்டவணையில் இருக்கக்கூடாத அந்நிய எழுத்துகள் என்ன என்று பார்க்கிறார். கணக்குத் தலைப்பின் ஒரு துண்டு அங்கே கிடந்தால், அதை எழுதியவன் யார் என்பது விளங்கிவிடும். திருடன் விட்டுச்சென்ற கால்தடம் போன்றது அது.

இத்தகைய வேலையைப் பற்றிப் புரூக்ஸ் ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. பதின்மூன்றாவது அத்தியாயத்தில் டம்ப் உள்ளிட்ட பிழைகாண் முறைகளைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு உண்டு. அவசரமாகச் செய்த திருத்தங்களைத் தனியே அடையாளமிட்டு வைக்கவேண்டும் என்ற நல்ல அறிவுரையும் உண்டு. ஆனால் அவை முறைகளின் பட்டியல். தடயத்திலிருந்து காரணத்துக்கு மனம் எப்படி நடந்து செல்கிறது என்பதை அவர் காட்டவில்லை. கிணறு வெட்ட எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொன்னவர், பாறை குறுக்கிட்டால் எங்கே உளி வைப்பது என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இரண்டு பைட்டில் ஒரு பிழை

பிழை என்பது பெரிய ஆணைத்தொடரின் நோய் என்ற எண்ணம் இந்நூலைப் படிப்பவர் மனத்தில் பதியக்கூடும். அதற்கு மாற்றாக ஓ.எஸ்./360 இலேயே ஒரு சான்று உண்டு. 'ஐஇஎஃப்பிஆர்14' என்பது ஒன்றுமே செய்யாத ஆணைத்தொடர். ஒரு கோப்பை உண்டாக்கவோ நீக்கவோ மட்டும் விரும்பினாலும், ஏதேனும் ஓர் ஆணைத்தொடரை ஓட்டியாகவேண்டும் என்பது அந்த இயக்க அமைப்பின் விதி. அதற்காக எழுதப்பட்ட இதில் இருந்தது ஒரே ஆணை: 'அழைத்தவரிடம் திரும்பிப் போ.' நீளம் 2 பைட்.

அதிலும் பிழை இருந்தது! வேலை நன்றாக முடிந்தால், திரும்பும்போது 15 ஆம் பதிவகத்தில் சுழியம் இருக்கவேண்டும் என்பது மரபு. ஆனால் ஓர் ஆணைத்தொடர் தொடங்கும்போது அதே பதிவகத்தில் அதன் சொந்த முகவரி இருக்கும். ஒன்றும் செய்யாமல் திரும்பியதால் அந்த முகவரியே முடிவுக் குறியாகப் போய்ச் சேர்ந்தது. பதிவகத்தைச் சுழியமாக்கும் ஆணை ஒன்றைச் சேர்த்தார்கள். ஆணைத்தொடரின் நீளம் இரு மடங்காயிற்று. இங்கே ஆள் கூட்டமும் இல்லை. 1225 பேச்சு வழிகளும் இல்லை. நம் அனுமானத்துக்கும் இயந்திரத்தின் நிலைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் பிழை. அந்த இடைவெளியைக் காணும் கண்ணை மனித-மாதக் கணக்கு தராது.

பயன்படுத்துவோர் சுமையா, துணையா?

என் இரண்டாவது மறுப்பு இது. பரவலாகப் பயன்படும் ஆணைத்தொடரைப் பராமரிக்க ஆகும் செலவு, உருவாக்கிய செலவில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் என்கிறார் புரூக்ஸ். பயன்படுத்துவோர் மிகுந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் பிழைகளும் மிகும். செலவும் மிகும் என்கிறார். ஒரு பிழையைத் திருத்தும்போது புதுப் பிழை நுழைவதற்கு 20 முதல் 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றும் எச்சரிக்கிறார். எச்சரிக்கை நியாயமானது. ஆனால் இந்தக் கணக்கேட்டில் பயன்படுத்துவோர் செலவுப் பக்கத்தில் மட்டுமே வருகிறார்கள்.

வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1955 இலேயே ஐ.பி.எம். 704 கணிப்பொறியை வாங்கியவர்கள் 'ஷேர்' என்ற சங்கத்தை அமைத்துத் தங்கள் ஆணைத்தொடர்களையும் திருத்தங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். ஓ.எஸ்./360 வேலைகளை வரிசைப்படுத்தி அச்சிடுவதில் மெதுவாக இருந்தபோது, ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளி மையத்தில் பணிபுரிந்த ஐ.பி.எம். புரோகிராமர்கள் 'ஹாஸ்ப்' என்ற துணை அமைப்பை எழுதினார்கள். அது மற்ற நிலையங்களுக்கும் பரவியது. அதன் வழிவந்த 'ஜெஸ்2' இன்றும் அக்குடும்பக் கணிப்பொறிகளில் வேலை செய்கிறது. களத்தில் பிறந்த தீர்வு அது.

புரூக்ஸ் பேசியது கட்டும் காலத்தைப் பற்றி. நான் பேசுவது ஓடும் காலத்தைப் பற்றி என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கட்டும்போது பேச்சு செலவு. ஆனால் ஓடும்போது, ஓர் ஊரில் கண்ட பிழையை இன்னோர் ஊரில் மறுபடி தேடாமல் செய்வதும் அதே பேச்சுதான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தேடுபவர் ஆணைத்தொடரின் மூலப் படியைப் படிக்க முடியவேண்டும். 1983 இல் ஐ.பி.எம்., இனி இயந்திரமொழிப் படியை மட்டுமே தருவதாக அறிவித்தபோது, சிஸ்டம் புரோகிராமர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததன் காரணம் இதுவே. 1995 பதிப்பில் தம் பழைய கருத்துகளை மறு ஆய்வு செய்த புரூக்ஸ், இந்தக் கேள்விக்கு உரிய இடம் தந்திருக்கலாம்.

தவற்றை ஒப்புக்கொண்ட ஆசிரியர்

அந்த மறு ஆய்வு நூலின் மிகச் சிறந்த பகுதி என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பகுதியின் உள் விவரத்தையும் மற்றவர்களிடமிருந்து மறைத்து வைப்பதே நல்லது என்று டேவிட் பார்னஸ் கூறியிருந்தார். 1975 இல் புரூக்ஸ் அதை ஏற்கவில்லை. 1995 இல், பார்னஸ் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என்று அச்சிலேயே எழுதினார். முதலில் எழுதியதைத் தூக்கி எறியத் திட்டமிடுங்கள் என்ற தம் அறிவுரையையும் திருத்திக்கொண்டார். தன் பிழையைத் தானே தேடி எடுத்துக் காட்டுவது நல்ல புரோகிராமரின் இலக்கணம் அல்லவா?

மாணவ நண்பர்களே, இந்நூலை நீங்கள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் இதை மட்டும் படித்தால், கணிப்பொறி வேலையின் இடர்ப்பாடு எல்லாம் மேலாளரின் கால அட்டவணையில் இருக்கிறது என்று எண்ணிவிடுவீர்கள். பிழை தேடுவது இரண்டாந்தர வேலை என்ற நினைப்பும் வந்துவிடும். அந்த நினைப்புத்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆகவே நூலோடு ஒரு பயிற்சியையும் சேர்த்துச் செய்யுங்கள். உங்கள் ஆணைத்தொடர் அடுத்த முறை விழும்போது, உடனே ஒரு வரியை மாற்றிப் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் விழுந்தது, அங்கே என்ன மதிப்பு இருந்தது, என்ன இருக்கவேண்டும் என்று நீங்கள் எண்ணினீர்கள் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது வரியை எழுதும்போதே பல பிழைகள் பிடிபட்டுவிடும்.