ஐந்து சீட்டின் படிவரிசை

தஞ்சோங் பகாரின் வீவக வீடுகளில் விடுமுறை நாள் மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் சீட்டுக்கட்டை எடுக்கும் குடும்பங்கள் உண்டு. சிங்கப்பூரில் அப்படி எடுத்தால் பெரும்பாலும் ஆடுவது டை டீ. நாலு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. 52 சீட்டும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிரிந்துவிடும். காசு வைக்காமலே களைகட்டும் ஆட்டம். டைமன் மூன்று யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் இறங்க வேண்டும். டை டீயில் ஆகச் சிறிய சீட்டுக்குத் தொடங்கி வைக்கும் மரியாதை!

ஐந்து சீட்டாகச் சேர்த்து இறக்கும்போது எது எதை வெல்லும் என்ற வரிசையை டை டீ போக்கரிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. இங்குள்ள பிள்ளைகள் பலர் போக்கர் என்ற பெயரை அறியும் முன்பே அதன் படிகளை இப்படி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மனப்பாடமான பிறகு யாரும் நின்று பார்ப்பதில்லை. வாருங்கள், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அவற்றில் பாதிக்குச் சற்று மேல் எதுவும் சேராத கைகள். அங்கே பெரிய சீட்டுதான் பேசும். அதற்கு மேலே ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று. ஏற ஏற வழிகள் அருகும், அருகுவதுதான் உயரம். எவருடைய விருப்பத்துக்கும் இடம் தராத இந்த நேர்மையே இந்த வரிசையின் முதல் அழகு.

அடுத்தது ஸ்ட்ரெய்ட். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று சின்னம் எதுவானாலும் எண்கள் கைகோத்து நிற்கும் ஒழுங்கு. போக்கரில் இது 10,200 வழிகளில் அமையும். இதில் ஏஸின் நளினத்தைப் பாருங்கள். இரண்டுக்கு முன்னால் அடக்கமாக நிற்கும். ராஜாவுக்கு மேலே கம்பீரமாகவும் நிற்கும். ஆனால் ராஜாவையும் இரண்டையும் இணைக்கும் பாலமாக நடுவில் நிற்க மட்டும் அதற்கு அனுமதி இல்லை. எல்லை என்றால் எல்லைதான்.

அதற்கு மேல் ஃபிளஷ். ஐந்தும் ஆட்டினாக, விசிறிபோல் விரித்த கையில் செக்கச்செவேலென்று பூத்திருக்கும் கோலம்! 5,108 வழிகள்தான், ஸ்ட்ரெய்ட்டில் ஏறக்குறையப் பாதி. நம் ஊர் மூணு சீட்டு ஆடியவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. அங்கே வரிசைதான் பெரியது, ஒரே சின்னம் அதற்குக் கீழே. காரணம், மூன்று சீட்டில் வெறும் வரிசை 720 வழிகளில் வரும். வெறும் ஒரே சின்னம் 1,096 வழிகளில் வரும். அதே கட்டு, அதே நாலு சின்னம். கையில் இருப்பது ஐந்திலிருந்து மூன்றானதும் அரியது எளியதாகி, எளியது அரியதாகிறது. படிகளும் அதற்கேற்பப் பணிவோடு இடம் மாறிக்கொள்கின்றன.

ஃபுல் ஹவுஸ் 3,744 வழிகள். மூன்றும் இரண்டுமாக ஒரு சீட்டும் வீணாகாத நிறைவு அதற்கு. இரண்டு ஃபுல் ஹவுஸ் மோதினால் மூன்றாக இருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். மூன்று நான்கும் ஜோடி ஆறும் வைத்திருப்பவர், மூன்று மூன்றும் ஜோடி ஏஸும் வைத்திருப்பவரை வென்றுவிடுவார். ஏஸின் ஒளி அத்தனையும் அங்கே வெறும் துணையாக நிற்கிறது.

ஒரே எண்ணில் நான்கு, 624 வழிகள். பதின்மூன்று எண்களில் ஒன்று. கூடவே மீதி 48 சீட்டில் ஏதோ ஒன்று. பதின்மூன்றை 48-ஆல் பெருக்கினால் கணக்கு கண்முன் நிற்கும். அந்த ஐந்தாவது சீட்டின் மீதுதான் எனக்குத் தனிப் பிரியம். டை டீயில் எதனோடும் சேராமல் கையில் தங்கிவிட்ட சிறு சீட்டு ஒன்று, நான்கு பெரியவர்களின் துணையோடு மேசைக்கு வரும் வாய்ப்பு அது.

உச்சியில் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ். வரிசையும் சின்னமும் ஒருசேர அமைந்தவை நாற்பதே நாற்பது. அவற்றிலும் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று அரசவையே கூடிய ராயல் ஃபிளஷ் நான்குதான், சின்னத்துக்கு ஒன்று.

டை டீ இங்கும் இஸ்பேட்டை மேலே தூக்கி வைக்கும். ஓர் ஆட்டம் முடிய வேண்டுமே! போக்கர் அப்படிச் செய்வதில்லை. நான்கு ராயல் ஃபிளஷும் அதற்குச் சமம். கிளாவர் அமைவதற்கும் ஒரு வழி, இஸ்பேட் அமைவதற்கும் ஒரு வழி. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லாத இடத்தில் மதிப்பிலும் வேறுபாடு கிடையாது. கீழ்ப்படியில் தொடங்கிய நேர்மையை உச்சியிலும் கைவிடாததுதான் இந்த வரிசையின் பேரழகு.