தேனில் ஊறும் பன்னீர் ரோஜா

பூக்கடையில் நீளக் காம்போடு விறைத்து நிற்கும் ரோஜா தேனில் ஊறப்போட உதவாது. அதில் பெரும்பாலும் நிறம்தான் உண்டு, மணம் இல்லை. பன்னீர் ரோஜாதான் வேண்டும். தொட்டாலே இதழ் உதிரும். விரலில் வாசம் ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்து அடிக்காத வீட்டுச் செடி என்றால் இன்னும் உத்தமம்.

இதழ்களைக் கழுவி, வேட்டித் துணியில் பரப்பி, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். நல்ல தேனில் தண்ணீர் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குள்தான் இருக்கும். தேன் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதழில் ஈரம் மிஞ்சினால் தேன் நீர்த்து, நுரைத்து, புளித்துவிடும்.

கண்ணாடி ஜாடியில் ஓர் அடுக்கு இதழ், அது மூழ்கத் தேன், மறுபடி இதழ். முதல் நாள் இதழ்கள் அடங்காமல் மேலே மிதக்கும். தினமும் ஈரமில்லாத கரண்டியால் கிளறிவிட்டால், ஒரு வாரத்தில் சுருங்கி, கண்ணாடித் தாள் போலாகிவிடும். நிறத்தை இழந்தது இதழ். மணத்தை வாங்கிக்கொண்டது தேன்.

சர்க்கரையில் ஊறினால் குல்கந்து. பாரசீகத்தில் 'குல்' பூ, 'கந்த்' சர்க்கரை. நம்முடையது அதன் தேன் தங்கை. வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் போதும். மார்கழிப் பனியில் வெடித்த உதட்டிலும் தடவலாம். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த உருவிலும் ஆகாது.

தேன் தீர்ந்த பிறகு ஜாடியின் அடியில் தங்கும் இதழ்களை வழித்து மெல்லுங்கள். உழைத்தவருக்கான பங்கு அது.