பொன்விழா மலரில் இல்லாத பக்கம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்து மண்டபம் ஒன்றில் ஒரு திருமணப் பொன்விழா. கலியாணம் நடந்தது 1975இல். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வாசலில் வாழைமரம், மேடையில் ஆளுயரத்துக்கு '50', மாலை மாற்றல், கேக், தலைக்கு மேலே ட்ரோன். சாப்பாட்டுக்கு முன்பு எல்லார் கையிலும் பளபளத்த தாளில் ஒரு மலர். வாழ்த்துரைக்கு எழும்பிய ஓய்வுபெற்ற அதிபர், இந்த விழாக்களைக் காசுத் திமிர் என்று குறைசொல்வோருக்குத் தான் பதில் சொல்லப்போவதாகத் தொடங்கினார். ஐம்பது வருசம் ஒருநாள்கூட முகம் கோணாமல் வாழ்ந்த தம்பதி இவர்கள். இதன் இரகசியம் விட்டுக்கொடுப்பு என்ற ஒரே சொல். விவாகரத்து மலிந்த காலத்தில் பிள்ளைகளுக்கு இவர்களைக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்சம் சுணங்கியது. நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்து மலரைப் புரட்டும்போதுதான், எதற்குத் தட்டினேன் என்ற யோசனை வந்தது.

காசைப் பற்றி எனக்குக் குறையில்லை. பனிக்குள் நின்று உழைத்த காசைப் பெற்றவர்களுக்குச் செலவழிப்பதை நாம் யார் கேட்க? செத்தவீட்டுக்கு மட்டுமே ஒன்றுகூடிப் பழகிப்போன சகோதரங்கள் ஒரு நல்ல காரியத்துக்குக் கூடுகிறார்கள். அந்தப் படப்பிடிப்பு ஆரவாரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2009இல் வன்னியை விட்டு வெளியே வந்தவர்களில் கலியாண அல்பத்தையும் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்? முதல் அல்பம் மாத்தளன் மணலுக்குள் எங்கேயோ கிடக்கிறது. இரண்டாவது அல்பத்துக்கு ஆசைப்படுவதில் பிழையில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நமது பழைய கணக்கில் அறுபதில் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். தமிழ்நாட்டுக்காரர் திருக்கடையூருக்கே போய்ச் செய்வார்கள். மூன்றும் புருசனின் வயதைக் கொண்டு வருபவை. மனைவிக்கு அன்று ஐம்பத்திரண்டா, ஐம்பத்தெட்டா என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு தடவை கழுத்தை நீட்டினால் போதும். ஐரோப்பியரிடமிருந்து வந்த வெள்ளி, பொன், வைரக் கணக்கு இருவருக்கும் பொதுவானது. அந்த அளவில் இது முன்னேற்றந்தான். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர் இதே நாளில் கோயிலில் திருமண வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். அங்கே மனைவியும் தன் வாயால் ஒரு வசனம் சொல்கிறாள். அந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்திருங்கள்.

என் சண்டை, ஐம்பது என்ற அந்த எண்ணை வைத்து நாம் செய்யும் காரியத்தோடு. வருசக் கணக்கை ஒழுக்கக் கணக்காக மாற்றிவிடுகிறோம். ஐம்பது வருசம் சேர்ந்திருந்தார்கள் என்பது ஒரு தகவல். அதைச் சாதனை என்கிறோம், பிறகு பண்பு என்கிறோம், கடைசியில் மற்றவர்களுக்குப் பாடம் என்கிறோம். வேறெந்த ஊரிலாவது இதைச் சிரித்துக்கொண்டு கடந்துபோகலாம். வன்னியில் முடியாது.

ஏனென்றால், இங்கே ஒரு கலியாணம் எத்தனை வருசம் நீளும் என்பதைக் கட்டிக்கொண்டவர்கள் தீர்மானிக்கவில்லை. ஒரே பங்கருக்குள் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் தகப்பன் தண்ணீர் எடுக்க வெளியே போனார். மற்றத் தகப்பன் போகவில்லை. ஒருவருக்குப் பொன்விழா, மற்றவருக்குச் சுவரில் மாலை போட்ட படம். இதில் விட்டுக்கொடுப்பு எங்கே வந்தது?

அதைவிடக் கடினமான கணக்கு ஒன்று இருக்கிறது. 1999இல் மல்லாவியில் தாலி கட்டிக்கொண்டு, 2009 மே மாதம் வட்டுவாகலில் புருசனைத் தன் கண்முன்னே படையினரிடம் ஒப்படைத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு 2024இல் வெள்ளிவிழா. அவள் விவாகரத்துக் கேட்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் வேண்டாம், 2016ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற 'காணவில்லை' என்ற சான்றிதழும் வேண்டாம், ஆளைக் காட்டுங்கள் என்று நிற்கிறாள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் போன்றவர்கள் எண்ணிய நாட்கள் ஆயிரக்கணக்கு. நிலைத்து நின்ற கலியாணம்தான் பெருமை என்றால், இந்த மாவட்டத்திலேயே மிக உறுதியான கலியாணம் அவளுடையது. அந்த அதிபர் அவளைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டார். அவளை மேடையேற்றினால், நாம் கொண்டாடுவது உறுதியையா அல்லது தப்பிப் பிழைத்த அதிர்ஷ்டத்தையா என்ற கேள்வி கேக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதிர்ஷ்டத்தைக் கொண்டாடலாம். நன்றாகவே கொண்டாடலாம். தப்பிவிட்டோம், இருவரும் இருக்கிறோம், வாருங்கள் சாப்பிடுவோம் என்று அழைத்தால் முதல் ஆளாக வந்து உட்காருவேன். இரகசியம், முன்மாதிரி என்று பேச்சு ஏறும்போதுதான் சோறு தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

இனி மலர். ஆசியுரைகள், மழலைப் பருவத்தில் பேரப்பிள்ளைகள், ஒவ்வொரு மருமகனும் மாமாவைப் பற்றி, பிரதேசத்துக் கவிஞர் ஒருவரின் வாழ்த்துப்பா. நாற்பத்தெட்டுப் பக்கம். படித்து முடித்தபோது 1975க்கும் 2025க்கும் நடுவே வன்னியில் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றியது. "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று ஒரு தொடர், அவ்வளவுதான். இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விலைபோன காலம் அவர்கள் குடும்பம் தொடங்கிய காலம். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாய் விற்ற காசில் எத்தனை தாலிக்கொடிகள் செய்யப்பட்டன! 1977க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட, விலை விழுந்தது. கொடிகள் அடைவுக்குப் போயின. 1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கை வந்தபோது கிளிநொச்சியே எழும்பி அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் காட்டோரங்களுக்கும் போனது. பிறகு திரும்பி வந்து காடு மண்டிய வளவை வெட்டித் துப்புரவாக்கியது. 2008 முடிவில் மறுபடி எழும்பித் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளத்தில் முள்வேலிக்குள் தறப்பாள் கூடாரம்.

இந்த வழி முழுக்க இரண்டு பேர் சேர்ந்து நடந்தார்கள் என்றால், அவர்கள் சண்டை பிடிக்காமல் நடந்திருக்கவே முடியாது. இன்றைக்கே வெளிக்கிடுவதா, நாளைக்கா? தையல் மெசினைப் புதைப்பதா, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவதா? நெல் மூட்டையை இறக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவியை ஏற்றுவதா? கடைசியாக, மூத்தவனை வைத்துக்கொண்டு இங்கேயே கிடப்பதா, இரவோடு இரவாக நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் போவதா? அந்த இரவில் யாருடைய சொல் எடுபட்டது? அந்தக் கலியாணத்தின் கதை அதற்குள்தான் இருக்கிறது. அவள் சொல்லை அவர் கேட்டதால் பிள்ளைகள் இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிறார்கள் என்றால், அவரைப் பாராட்ட அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? மலர் அவருக்கும் அல்லவா அநியாயம் செய்திருக்கிறது. முகம் கோணாத தம்பதி என்று எழுதியபோது, அவர்களுக்குள் இருந்த அன்பையே அழித்துவிட்டார்கள்.

சரி, மலரில் அவருக்காவது ஆறு பக்கம். அம்மாவுக்கு?

விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்பாளர் பெடியன் ஒலிவாங்கியை அம்மாவிடம் நீட்டி, இரண்டு வார்த்தை சொல்லுங்கோ என்றான். அவர் சிரித்தார். புருசனைப் பார்த்தார். "அவ கதைக்கமாட்டா, நான் சொல்லுறன்" என்று ஐயா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நல்ல மனுசன், அவரில் ஒரு பிழையும் சொல்லமாட்டேன். சிரித்த நாங்கள்தான் பிழை. பதினைந்து நிமிடங்களுக்கு முன்பு அதே மேடையில் வள்ளுவரின் மனைவி வாசுகியின் கதை சொல்லப்பட்டிருந்தது. இந்த விழாக்களில் வாசுகி வராத பேச்சு கிடையாது. புருசன் கூப்பிட்டதும் கிணற்றுக் கயிற்றை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாள், வாளி அப்படியே நின்றது. குறளில் வாசுகி என்ற பெயரே இல்லை. கதை பின்னால் வந்து ஒட்டியது. ஒட்டியதில்தான் ஒரு ஊசியும் கிண்ணத் தண்ணீரும் வருகின்றன. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் அவற்றை வைக்கச் சொன்னார், அவளும் வைத்தாள். ஏன் என்று கேட்டது சாகும் தறுவாயில். சிந்திய பருக்கையைக் குத்தியெடுத்துக் கழுவ என்றாராம். அவள் ஒருநாளும் சிந்தவில்லையாம். பேச்சாளர்கள் இதைக் கண்கலங்கச் சொல்வார்கள். ஒரு கேள்வியை ஒரு ஆயுள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்த பெண்ணின் கதை இது என்பது அவர்களுக்கு உறைப்பதேயில்லை.

விட்டுக்கொடுப்பு என்ற சொல்லையும் அப்படித்தான் கையாளுகிறோம். யார் விட்டார், எதை விட்டார், யாருக்குக் கொடுத்தார் என்ற விபரம் இல்லாமல் அது தனியே நிற்கிறது. படித்துக்கொண்டிருந்த வகுப்பை விட்டதா? கழுத்துக்கொடியைக் கழற்றி மிளகாய்த் தோட்டத்துக்குப் பசளை வாங்கக் கொடுத்ததா? முகாமில் தண்ணீர் வரிசையில் தன் முறையை விட்டதா? விபரம் சொல்லாத வரைக்கும் அந்தச் சொல்லை மலர்களில் அச்சிடக்கூடாது என்று ஒரு சட்டமே கொண்டுவரலாம். மிகைப்படுத்துகிறேன்தான். ஆனால் நம்முடைய செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'மனைவி புலம்பல்' என்று ஒரு பக்கம் இருக்கும். புலவர் எழுதிக்கொடுத்ததுதான், எதுகை மோனைக்காக அழுகிற அழுகைதான், என்றாலும் அவள் வாயில் வைத்து ஒரு பக்கம். புருசன் உயிரோடு பக்கத்தில் இருக்கும் பொன்விழா மலரில் அதுகூட இல்லை. பெண் பேசுவதற்கு ஆண் சாகவேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குச் சபையில் கதைக்க வெட்கம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இதை நான் நம்பவில்லை. 2010 செப்ரெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தபோது, 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தபோது, அங்கே வரிசையில் நின்று அந்நியருக்கு முன்னால் திகதி, நேரம், இடம் பிசகாமல் சொன்னவர்களில் கூடுதலானோர் வன்னிப் பெண்கள். ஆணைக்குழுவுக்கு முன் வராத வெட்கம் சொந்தப் பிள்ளைகளுக்கு முன் வந்து ஒட்டிக்கொள்ளுமா? கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை.

நல்லநாளில் பழைய துன்பத்தைக் கிளறுவதா என்பது இன்னொரு தடை. துன்பத்தை மட்டும் யார் கேட்டார்கள்? பொல்லாத பகிடிகளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அதோடு, கிளறாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகத் தாலி கட்டிவைத்தோம். ஊருக்கே தெரியும். அந்தச் சோடிகளில் பிழைத்து, பிரியாமல் இருப்பவர்களுக்கு 2032, 2033இல் வெள்ளிவிழா வருகிறது. அன்றைக்கும் '25' என்று பலூன் கட்டி, விட்டுக்கொடுப்பு என்று பேசி, வாசுகியின் வாளியைக் கிணற்றில் தொங்கவிடப் போகிறோமா? அந்தப் பெண் முப்பதுகளின் நடுவில் என்ன நினைக்கிறாள் என்று இன்றைக்கே கேட்காதவர்கள் அன்றைக்கு என்ன மலர் அடிப்பார்கள்?

அடுத்த வருசம் பொன்விழா வைக்க மண்டபம் பதிந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ட்ரோன் இருக்கட்டும், கேக்கும் இருக்கட்டும். மலரை அச்சுக்குக் கொடுக்கமுன் இரண்டு கிழமை முந்தி ஊருக்கு வாருங்கள். அம்மா அடுப்படியில் தனியே இருக்கும்போது கைத்தொலைபேசியில் பதிவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு இருங்கள். அந்த இரவு யார் சொல் எடுபட்டது என்று கேளுங்கள். அப்பா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.