சுவரில் தொங்கும் மலை

சாணார்பட்டியிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குச் சிறுமலைத் தொடர் நன்கு தெரியும். மழை ஓய்ந்த காலைப் பொழுதில் அதன் உச்சியில் முகில் தவழும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். ஆயினும், இவ்வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் கூடத்துச் சுவரை அணி செய்வது எங்கோ உள்ள சுவிட்சர்லாந்துப் பனிமலையே. உருவப் படங்களை மாட்டத் தயங்கும் நம் குடும்பங்களில் இயற்கைக் காட்சிப் படத்திற்கு என்றும் தனியிடம் உண்டு. அவ்விடம் நம் மண்ணின் மலைக்குக் கிட்டாமற் போனதேன்? குறை மலையிலா, படமெடுப்போரிடத்திலா, நம் சுவையிலா?

இக்கலை நமக்கு அயலானதன்று. கிரகண வேளையில் சிறு துளை வழியே விழும் சூரியனின் பிறை வடிவைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதியவர் இப்னுல் ஹைதம். ஒளிப்படக் கருவியின் அடிப்படை அங்கே இருக்கிறது.

தமிழகத்தில் ஊர் ஊராய்ச் சென்று மலைகளையும் படமெடுத்த முன்னோடி, சென்னைப் படையின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1856இல் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், கருவிகளையும் மருந்துகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1858இன் தொடக்கத்தில் மதுரையை அடைந்தார். அங்கே யானைமலையை அதன் ஒரு முனையிலிருந்து எடுத்த படம் இன்றும் போற்றப்படுகிறது. அலங்காரம் ஏதுமில்லை, பாறை பாறையாகவே நிற்கிறது. 2010இல் அம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றனர். ஒரு மலை எப்படி இருந்தது என்பதற்கு இத்தகைய படமே சாட்சியாகும்.

சாட்சி பொய் சொல்லலாகாது. ட்ரைப்பும் இதில் முழுத் தூய்மை உடையவரல்லர். 1855இல் பர்மாவில் எடுத்த படங்களில், வானம் வெறுமையாய்ப் பதிந்ததால், மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அமெரிக்காவின் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்சும், 1944இல் எடுத்த பனிமலைக் காட்சியில், மலைச்சரிவில் ஊர்ப் பிள்ளைகள் பதித்திருந்த எழுத்துகளை அழித்துவிட்டார். அவ்வெழுத்துகள் காட்சியின் அழகைக் கெடுக்கும் வடு என்னும் எண்ணம் அவரை அவ்வாறு செய்வித்தது. படம் அழகுற்றது, உண்மை குன்றியது.

இதற்கு மாறானவர் நம் மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ.மாதவையாவின் மைந்தர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த காமிராவால், கறுப்பு வெள்ளையிலேயே காட்டு உயிர்களைப் படமெடுத்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். விலங்கை மட்டும் பிரித்தெடுக்காமல், அது வாழும் புதரோடும் புல்லோடும் காட்டினார். வண்ணம் இல்லாத அப்படங்களில் காடு இருக்கிறது.

இன்று சிறுமலைக்குப் படமெடுக்கச் செல்வோர் பலர். கொண்டு வருபவை என்ன? பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், மூடுபனி, மிகைப்படுத்திய பச்சை. வாழைத்தார் சுமந்து இறங்கும் குதிரை எங்கே? புகழ் பெற்ற மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்த தோட்டங்கள் எங்கே? அவற்றை விலக்கிவிட்டால், எஞ்சுவது எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு மலை. அத்தகைய படத்திற்குப் பனிமலைப் படமே போதுமே!

மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என நோக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. நோக்குதல் என்பது உள்ளதை உள்ளவாறு காண்பது. நம் பிள்ளைகள் முதலில் சாலையோரத்தில் நின்று சிறுமலையைக் காணட்டும்; பின்னர் காமிராவைக் கையில் எடுக்கட்டும். அவர்கள் எடுக்கும் படம் சற்று மங்கலாயினும், அதை நம் கூடத்தில் மாட்டுவோம்.