7 கோடிக்கு மாட்டோம், 11.5 கோடிக்குச் சரி

2023 ஜனவரி கடைசி வாரம். இங்கிலாந்தில் குளிர்கால டிரான்ஸ்ஃபர் சந்தை மூட நான்கைந்து நாள்தான் பாக்கி. பிரைட்டன் கிளப்பின் நடுக்கள வீரர் மொய்செஸ் கைசெடோ தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு கடிதம் போட்டார். ஈக்வடாரின் சாண்டோ டொமிங்கோவில் வறுமையில் வளர்ந்ததையும் பத்துப் பிள்ளைகளில் தான் கடைக்குட்டி என்பதையும் எழுதி, ரசிகர்களுக்கு நன்றி சொல்லி, தன்னைப் போகவிடுமாறு கேட்டிருந்தார். கூடவே கொஞ்சம் வியாபாரமும் பேசியிருந்தார். தன்னை விற்றால் கிளப்புக்குச் சாதனைத் தொகை கிடைக்கும், அதை மறுபடி முதலீடு செய்து கிளப் மேலே வரலாம், அதில் தனக்குப் பெருமைதான் என்று. இருபத்தொரு வயது இளைஞர், முதலாளியின் கணக்கை முதலாளிக்கே எடுத்துச் சொன்னார்.

முதலாளி மசியவில்லை. ஆர்சனல் 6 கோடி பவுண்டுக்குக் கேட்டது, பிறகு 7 கோடி என்றது. பிரைட்டன் இரண்டையும் மறுத்துவிட்டு, சந்தை மூடும்வரை நீ பயிற்சிக்கு வர வேண்டாம் என்று கைசெடோவை வீட்டில் உட்கார வைத்தது. மார்ச்சில் அதே கைசெடோ பிரைட்டனுடன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 14 அன்று செல்சிக்குப் போனார். உறுதித் தொகை 10 கோடி, நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 1.5 கோடி. அன்றைக்கு அது பிரிட்டனின் சாதனை விலை.

நட்சத்திர நடுக்கள வீரரைப் பணக்காரப் போட்டியாளருக்கு விற்கலாமா என்று எந்த ஊர் ரசிகரிடம் கேட்டாலும் உணர்ச்சியில் ஒரு பதில் வரும், கணக்கில் இன்னொரு பதில் வரும். பிரைட்டன் ஏழு மாதத்துக்குள் ஒரே ஆள் விஷயத்தில் இரண்டு பதிலையும் சொல்லிப் பார்த்த கிளப். அதனால் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் எனக்குத் தெரியவில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஐபிஎல் ஏலத்தில் அணி கொடுக்கும் தொகை வீரருக்குச் சம்பளமாகப் போகிறது. கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் தொகை பழைய கிளப்புக்குப் போகும். வீரரின் சம்பளம் தனி. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் பழைய கிளப்புக்குச் சல்லிக்காசு கிடையாது, வீரர் கையை வீசிக்கொண்டு வேறிடம் போகலாம். ஆகவே பிடித்து வைப்பதற்கும் விலை உண்டு. லெஸ்டர் சிட்டியின் யூரி டீலமன்ஸ் 2021 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்த கோலை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சிலிர்ப்பார்கள். கிளப்பின் முதல் எஃப்.ஏ. கோப்பை அதனால் வந்தது. விற்கக்கூடிய காலத்தில் அவரை விற்கவில்லை. 2023இல் லெஸ்டர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, டீலமன்ஸின் ஒப்பந்தமும் முடிந்தது, ஆஸ்டன் வில்லா அவரைப் பைசா செலவில்லாமல் கூட்டிக்கொண்டு போனது.

பிரைட்டன் அந்தத் தவறைச் செய்யாத கிளப். அதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 1997இல் கடனுக்காகச் சொந்த மைதானமான கோல்ட்ஸ்டோன் கைவிட்டுப் போனது. அந்த ஆண்டு மே மாதம் ஹெர்ஃபோர்டுடன் சமன் செய்ததால்தான் ஃபுட்பால் லீக்கிலேயே இடம் தங்கியது. இரண்டு ஆண்டுகள் ஜில்லிங்ஹாமில் வாடகைக் குடித்தனம். பிறகு விதீன் என்ற தடகள மைதானத்தில், ஓட்டப் பாதைக்கு அப்பாலிருந்து ஆட்டம் பார்த்தே பன்னிரண்டு ஆண்டுகள். 2011இல்தான் சொந்த மைதானம், 2017இல்தான் பிரீமியர் லீக். 2009இல் தலைவராக வந்த டோனி புளூம் உள்ளூர் ரசிகர், தொழில்முறைச் சூதாடி, பந்தயக் கணிப்புக்குத் தரவுகளை அலசும் நிறுவனம் நடத்துபவர். வட்டியில்லாமல் 30 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்பில் போட்டவர். மைதானமே பறிபோனதைக் கண்ட ஊருக்கு ஒரு வீரர் போவது பெரிய துக்கமாகத் தெரிவதில்லை. வெளியாட்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறோம்.

புளூமின் முறை எளிது, செய்வதுதான் கடினம். பெரிய கிளப்புகளின் கண் படாத சந்தைகளில் இளம் வீரர்களை வாங்குவது. கைசெடோவை 2021 பிப்ரவரியில் ஈக்வடாரின் இண்டிபென்டியன்டே டெல் வாஜே கிளப்பிடமிருந்து சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். உடனே ஆட விடவில்லை. பெல்ஜியத்தின் பீர்ஸ்காட்டுக்கு இரவல் அனுப்பி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் ஆர்சனல் மைதானத்தில் பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம். இரண்டு மாதம் கழித்து நடுக்களத்தின் தூணாக இருந்த ஈவ் பிசூமாவை டோட்டன்ஹாமுக்கு விற்றார்கள். தூண் போன இடத்தில் கூரை அசையவில்லை. அடுத்த தூண் பதினாறு மாதமாகக் கிளப்பின் கையிலேயே இருந்தது.

என் பார்வையில் பிரைட்டன் முறையின் உயிர் இதில் இருக்கிறது. விலையை எல்லாரும் பேசுகிறார்கள். செய்தித்தாளுக்கு அது வசதி. 40 லட்சம் 11.5 கோடியான கதையை யார்தான் விடுவார்கள்? 2022-23 கணக்கு ஆண்டில் பிரைட்டன் காட்டிய 12.28 கோடி பவுண்ட் லாபம் பிரீமியர் லீக் அதுவரை காணாதது. கைசெடோ விற்பனை அதில் சேரவே இல்லை. ஆனால் லாபத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வரிசைக்கிரமம்: வாரிசு முதலில், விற்பனை பிறகு.

ஜனவரி மறுப்பையும் இதே தட்டில் வைத்து நிறுக்கலாம். நடுப்பருவத்தில் வாரிசு கையில் இல்லை. 7 கோடியை வாங்கிக்கொண்டு நான்கு நாளில் யாரைத் தேடுவது? மறுத்ததால் அணி ஆறாம் இடத்தில் முடித்து, வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. விலையும் நாலரைக் கோடி ஏறியது. கடிதம் எழுதிய இளைஞரின் மனசு? கொடுமைதான். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டின் முதல் பெரிய சம்பளக்காரருக்குக் கதவு திறந்திருக்கும்போது உட்கார் என்று சொல்வது நியாயமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. புது ஒப்பந்தத்தில் சம்பளம் கூடியிருக்கும் என்பது ஒரு ஆறுதல். ஆகஸ்டில் கடைசிச் சொல்லும் அவருடையதாகவே இருந்தது: பிரைட்டன் லிவர்பூலின் 11.1 கோடிக்குத் தலையாட்டிவிட்ட பிறகும், நான் செல்சிக்குத்தான் போவேன் என்றார். போனார்.

இதுவரை எல்லாம் பிரைட்டனுக்குச் சாதகம். இனித்தான் சங்கடம்.

ராபர்ட்டோ டி செர்பி பயிற்சியாளராக இருந்த அந்த அணியின் ஆட்டத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். தடுப்பாட்டக்காரர் லூயிஸ் டங்க் பந்தின் தலையில் காலணியின் அடியை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். வா, வந்து பிடுங்கிக்கொள் என்று எதிரணிக்கு அழைப்பு. எதிரணிக்காரர் பொறுமையிழந்து பாயும் அந்த நொடியில் பந்து நடுவில் நிற்கும் இருவரில் ஒருவருக்குப் போகும். அவர் முதுகில் ஏற்கெனவே ஒரு ஆள் ஒட்டிக்கொண்டிருப்பான். திரும்ப நேரமில்லை, ஒரே தட்டில் பக்கத்துத் தோழருக்கு, அவரிடமிருந்து ஓரத்தில் காத்திருக்கும் முன்கள வீரர் மிட்டோமாவுக்கு. தட்டு ஒரு சாண் பிசகினால் பந்து எதிரி காலில், முன்னால் சொந்த கோல் வாசல் திறந்து கிடக்கும். அந்த இருவர்தான் கைசெடோவும், உலகக் கோப்பை வென்று வந்திருந்த அர்ஜென்டினாவின் அலெக்சிஸ் மாக் அலிஸ்டரும்.

2023 கோடையில் இருவருமே போனார்கள். ஜூனில் மாக் அலிஸ்டர் லிவர்பூலுக்கு, 3.5 கோடி உறுதித் தொகையில். ஆகஸ்டில் கைசெடோ. ஒவ்வொரு விற்பனையையும் தனியாகப் பார்த்தால் வாதாடித் தப்பிக்கலாம். சேர்த்துப் பார்த்தால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே பந்து கொடுத்துக்கொண்ட ஒரு ஜோடி போய்விட்டது. ஜோடிக்குச் சந்தையில் விலைப்பட்டியல் கிடையாது. தரவு எத்தனை பந்தை மீட்டார், எத்தனை பாஸ் முன்னால் போனது என்று தனியாளை அளந்து சொல்லும். இந்த இருவர் சேர்ந்தால் டங்க் தைரியமாகப் பந்தை மிதித்துக்கொண்டு நிற்கலாம் என்பதை எந்த அட்டவணையிலும் எழுதி வைப்பதில்லை.

வரிசைக்கிரமமும் இந்தமுறை தலைகீழ். டார்ட்மண்டிலிருந்து வந்த மஹ்மூத் தாஹூத் ஜனவரியிலேயே ஸ்டுட்கார்ட்டுக்கு இரவல் போய்விட்டார். முப்பத்தேழு வயது ஜேம்ஸ் மில்னர் அனுபவம் தந்தார், ஓட்டம் தர முடியவில்லை. உண்மையான வாரிசாக நினைத்த கேமரூன் இளைஞர் கார்லோஸ் பலேபா, கைசெடோ போன பிறகு, ஆகஸ்ட் கடைசியில்தான் லீலிலிருந்து வந்து சேர்ந்தார், வயது பத்தொன்பது. செப்டம்பர் முடிவதற்குள் ஆஸ்டன் வில்லா மைதானத்தில் 6-1 தோல்வி. நியாயமாகச் சொன்னால் எல்லாப் பழியும் நடுக்களத்தின் மேல் விழாது: மிட்டோமாவும் சாலி மார்ச்சும் காயத்தில் விழுந்தார்கள், வியாழன்தோறும் ஐரோப்பா, ஞாயிறுதோறும் லீக் என்று அணி களைத்தது. ஐரோப்பா லீக்கில் மார்செய், அயாக்ஸ் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்ததும் அதே அணிதான்.

ஆனால் பட்டியல் ஒரு கதை சொல்கிறது. 2022-23இல் பிரைட்டன் 6, செல்சி 12. அடுத்த பருவத்தில் செல்சி 6, பிரைட்டன் 11. இடத்தைக் கைமாற்றி எழுதிக் கொடுத்தது போல. கைசெடோ ஒருவரால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன்; செல்சி அந்தக் கோடையில் கோல் பால்மரையும் வாங்கியது. இருந்தாலும், தன்னைவிடப் பணக்காரனுக்கு விற்பதால் சின்ன கிளப்புக்கு நஷ்டமில்லை, எப்படியும் அவன் வேறு மட்டம் என்று வழக்கமாகச் சொல்லும் வாதம் இங்கே நொண்டுகிறது. பிரைட்டன் ஏறி நின்ற அதே படிக்கட்டில் ஏறத்தான் செல்சிக்கு ஆள் தேவைப்பட்டது.

சொந்த லீக்கில் விற்காதே, வெளிநாட்டுக்கு விற்று வை என்று சில பெரியவர்கள் புத்தி சொல்வார்கள். பொருஸியா டார்ட்மண்டைக் கேட்டால் சிரிக்கும். 2013 ஏப்ரலில், ரியல் மாட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடுவதற்கு முதல்நாள், தங்கள் மரியோ கோட்சே 3.7 கோடி யூரோ விடுவிப்பு விதிப்படி பரம எதிரி பயர்னுக்குப் போகிறார் என்ற செய்தி வெளியானது. அந்த ஆண்டு வெம்ப்ளியில் நடந்த இறுதியாட்டத்தில் டார்ட்மண்ட் பயர்னிடமே தோற்றது. பாடம் கற்று, 2023இல் ஜூட் பெல்லிங்ஹாமை 10 கோடி யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு ஸ்பெயினுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே டார்ட்மண்ட் மறுபடி சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு வந்தது, அதே வெம்ப்ளியில். எதிரே ரியல் மாட்ரிட், அதில் பெல்லிங்ஹாம். 2-0 தோல்வி.

விற்று ஜெயித்த கதை இல்லாமலில்லை. 2018 ஜனவரியில் லிவர்பூல் பிலிப் கூட்டினியோவை பார்சிலோனாவுக்கு 14 கோடி பவுண்டை ஒட்டிய தொகைக்கு விற்றது. வந்த பணத்தில் இன்னொரு கூட்டினியோவைத் தேடவில்லை. அந்த மாதமே 7.5 கோடிக்குத் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்தார், கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். ஓட்டை எங்கே இருந்ததோ அங்கே பணம் போனது. 2019 மே மாதம் ஆன்ஃபீல்டில் 4-0 என்று லிவர்பூல் கவிழ்த்த பார்சிலோனா அணியில் கூட்டினியோ இருந்தார். இந்த உதாரணத்தைச் சின்ன கிளப்புகளுக்குத் தூக்கிக் காட்டுவது மட்டும் சரியில்லை. வான் டைக்கை வரவழைக்க லிவர்பூல் என்ற பெயர் வேண்டும். பிரைட்டன் அதே பணத்தை நீட்டினாலும் அவர் வந்திருக்க மாட்டார். 2023இல் பிரைட்டன் வாங்கியவர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் நாளைக்கான ஆட்கள். இன்றைக்கான பெரிய ஆள் அந்தக் கடலோர ஊருக்கு வருவதில்லை.

வான் டைக்கை விற்றது சௌதாம்ப்டன். பிரைட்டனுக்கு முன்பு இந்த வித்தைக்குப் பெயர் போன கிளப் அதுதான். லல்லானா, ஷ்னெய்டர்லின், மானே, வன்யாமா என்று ஆண்டுக்கு ஆண்டு விற்று, 8, 7, 6 என்று மூன்று பருவம் படிப்படியாக மேலேயும் ஏறியது. எல்லோரும் மெச்சினார்கள். வான் டைக் போன 2017-18இல் 17ஆம் இடத்தில் மயிரிழையில் தப்பியது, 2023இல் இறங்கியது. வாரிசுத் தேர்வு நாலைந்து தடவை தொடர்ந்து பிசகினால் போதும். பிரைட்டனுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி: வாங்குபவர்கள் சரக்கோடு கடைக்காரரையும் கூட்டிப் போகிறார்கள். செல்சி 2022இல் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரையும், பிறகு ஆள் தேர்வுத் தலைவர் பால் வின்ஸ்டன்லியையும் எடுத்துக்கொண்டது. தொழில்நுட்ப இயக்குநர் டான் ஆஷ்வொர்த் நியூகாசிலுக்குப் போயிருந்தார்.

ஆகவே என் தீர்ப்பு ரசிகருக்கும் பிடிக்காது, கணக்காளருக்கும் பிடிக்காது. கைசெடோவை விற்க நினைத்தது சரி. ஜனவரியில் விற்க மறுத்தது அதைவிடச் சரி. மாக் அலிஸ்டர் போன கோடையிலேயே கைசெடோவையும் விட்டது தவறு. மறுபடி ஒரு கடிதம் வந்திருந்தாலும், சண்டையே மூண்டிருந்தாலும், அந்த ஐரோப்பியப் பருவம் முடியும்வரை பிடித்திருக்க வேண்டும். விலை இரண்டு கோடி குறைந்திருக்கலாம். வரலாற்றில் முதல்முறை வாய்த்த பருவத்தை இரண்டு கோடிக்கு வாங்க அன்றைக்கு பிரைட்டனிடம் பணம் இருந்தது.

2025 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் பலேபாவைக் கேட்டு வந்தது. விற்பதற்கில்லை என்றது பிரைட்டன். சந்தை மூடியபோது பலேபா அங்கேயே இருந்தார். கைசெடோ விஷயத்தில் அந்த ‘இல்லை’க்கு ஆயுள் ஆறரை மாதம். பலேபா பெயர் மறுபடி செய்தியில் அடிபடும் நாளில், எத்தனை கோடி என்று பார்ப்பதற்கு முன், அவர் இடத்தில் ஆட ஒரு பருவமாவது அங்கே பழகிய பையன் யாராவது இருக்கிறானா என்று அணிப் பட்டியலைத் தேடிப் பார்ப்பேன்.